மண்ணின் மூச்சும் பயிரின் வேரும்

பயிர்களுக்கு நீரும் பசளையும் இன்றியமையாதன என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். நிலத்துக்கு மேலே நிற்கும் இலைகளுக்கு வெயிலும் காற்றும் வேண்டுமென்பதும் அவர்கள் அறிந்ததே. ஆனால், நிலத்தின் கீழே மறைந்திருக்கும் வேருக்கும் காற்று வேண்டும் என்பதையும், வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விடும் மூச்சு வெளியேற வழியின்றித் தங்குமாயின் பயிர் நலிவுறும் என்பதையும் நம்மிற் பலர் கருத்திற் கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் வரும் நட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் வேறொன்றின்மேற் பழி சுமத்துகின்றோம். விதை கூடாதென்கின்றோம், பசளை போதாதென்கின்றோம், சிலவேளைகளில் நாள் பார்க்காமல் நட்டதுதான் குற்றமென்றும் சொல்லுகின்றோம். அம்மறைந்த காரணத்தை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

குழை தாழ்த்த இரு வயல்கள்

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, கமக்காரர் பலர் குழையையும் எருவையும் நாடவேண்டியவராயினர். அத்தடை அவ்வாண்டின் இறுதியில் நீக்கப்பட்டபோதும் பசளை அருமையாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. அக்காலத்தில் எனது பிரிவிலும் கூட்டங்கள் வைத்து, பூவரசு, கிளிசிறிடியா, எருக்கலை முதலியவற்றின் குழையை வெட்டி வயலிலே தாழ்க்குமாறு நான் எடுத்துக் கூறினேன்.

அவ்வாறு செய்தவர்களுள் அடுத்தடுத்து வயல்களையுடைய அண்ணன் தம்பியர் இருவர் இருந்தனர். இருவரும் ஒரே நாளிற் குழை தாழ்த்தனர். இருவர் வயலுக்கும் ஒரே வாய்க்காலின் நீர் பாய்ந்தது. நாற்றும் ஒரே மேடையில் வளர்ந்தது. மூத்தவர் குழை தாழ்த்த நான்காம் நாளே நட்டு முடித்தார். இளையவருக்கு நடுகைக்கு ஆள் அகப்படவில்லை. நாற்று முற்றுகின்றதே என்ற கவலையுடன் பொறுத்திருந்து, பதினெட்டாம் நாளிலேயே நட்டார்.

அதற்கு ஒரு கிழமை கழித்து மூத்தவர் என்னை அழைத்துச் சென்று தம் வயலைக் காட்டினார். நட்டு மூன்று கிழமையாகியும் பயிர் மஞ்சள் நிறமாய், நட்ட அளவிலேயே நின்றது. வரம்புக்கு அப்பால் இளையவரின் வயல் பச்சை பிடித்துவிட்டது. "ஐயா, நீங்கள் சொன்னபடியேதான் குழை போட்டேன். முந்தி நட்டவன் நான். பிந்தி நட்ட தம்பியின் பயிர் முந்திவிட்டது. வீட்டிலே அரை மூடை யூரியா இருக்கின்றது. நகையை அடைவு வைத்து வாங்கியது. அதனை எறிந்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

இரு வயல்களிலும் ஒவ்வொரு பயிரைப் பிடுங்கி வாய்க்கால் நீரிற் கழுவிப் பார்த்தோம். இளையவரின் பயிரில் வெண்ணிறமான புதுவேர்கள் ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தன. மூத்தவரின் பயிரில் நாற்றுமேடையிலிருந்து வந்த பழைய வேர்களே கபில நிறமாய்த் தொங்கின. புதுவேர் மிகச் சில. பிடுங்கிய இடத்திலிருந்து குமிழிகள் எழுந்தன. கூழ்முட்டை நாற்றமும் வீசிற்று.

யூரியாவை எறியவேண்டாமென்று தடுத்து, வக்கடையைத் திறந்து நீரை வடியவிடச் சொன்னேன். நான்கு நாட்களில் மண்ணின் மேற்பரப்பு மயிரிழையாக வெடிக்கத் தொடங்கியதும் மீண்டும் நீர் கட்டினோம். வெண்வேர் கண்ட பின்னரே பசளை இட்டோம். பயிர் மீண்டது, ஆயினும் மட்டம் வெடிப்பதிற் பின்தங்கியதனால் அறுவடை இளையவரின் வயலினும் குறைந்தது.

குழை போடுங்கள் என்று கூட்டத்திற் சொன்னவன் நான். போட்டபின் எத்தனை நாள் பொறுத்திருக்கவேண்டுமென்று சொல்லத் தவறியவனும் நானே. அக்குறையை நிறைத்தற்கும் இதனை எழுதுகின்றேன்.

மண்ணின் உள்ளே உள்ள காற்று

நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதிப் பங்கே மண்துணிக்கைகள். எஞ்சிய பாதி இடைவெளியாகும். அவ்விடைவெளியை நீரும் காற்றும் தம்முட் பங்கிட்டுக் கொள்ளுகின்றன. நீர் மிகுந்தாற் காற்றுக்கு இடமில்லை. மண் இறுகினால் இரண்டுக்குமே இடமில்லை.

நாம் சுவாசிக்கும் வெளிக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன் உண்டு. காபனீரொட்சைட்டு என்னும் வாயுவோ பதினாயிரத்தில் 4 பங்கு அளவே உள்ளது. இதனையே கரியமிலவாயு என்றும் வழங்குவர். மண்ணினுள் உள்ள காற்றில் இவ்வளவுகள் மாறுபடும். நன்கு பண்படுத்திய மேல்மண்ணிலும் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றிலுள்ளதைப்போற் பத்து மடங்குக்கு மேலாகக் காணப்படும். ஈரம் மிகுந்த களிமண்ணில், பச்சைக் குழை உக்கிக் கொண்டிருக்கும்போது, அது நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு என உயர்தலுமுண்டு. அவ்வாறு உயரும்போது ஒட்சிசன் அதற்கேற்பக் குறைகின்றது.

இவ்வாயு எங்கிருந்து வருகின்றது? வேர்கள் இலையிலிருந்து வரும் சருக்கரையை ஒட்சிசனின் உதவியால் எரித்துச் சத்தியைப் பெறுகின்றன. அதன் புகைபோல வெளிவருவதே காபனீரொட்சைட்டு. குழையையும் எருவையும் உக்கச்செய்யும் பற்றீரியங்களும் பங்கசுகளும், மண்புழுக்களும் இவ்வாறே செய்கின்றன. சூடும் ஈரமும் பொருந்திய வளமான ஓர் ஏக்கர் நிலம் நாளொன்றுக்கு ஐம்பது இறாத்தலுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டை வெளிவிடவல்லது. மண் உயிருள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மண்ணின் துளைகள் திறந்திருந்தால் இவ்வாயு மேலேறி வெளிக்காற்றுடன் கலக்க, ஒட்சிசன் கீழிறங்கும். துளைகளில் நீர் நிரம்பிவிட்டாலோ, அப்போக்குவரவு ஏறக்குறைய நின்றுவிடும். ஏனெனில், காற்றிற் பரவுவதிலும் பார்க்க நீரில் ஒட்சிசன் பரவும் வேகம் பதினாயிரம் மடங்கு குறைந்ததாகும்.

வீட்டிலே செய்யக்கூடிய சோதனை

மண் மூச்சுவிடுவதைக் கண்ணாற் காண விரும்புவோர் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பிற் சிறிதளவை ஒரு போத்தல் நீரிற் கலக்கி, ஓரிரவு அசையாது வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மாத்திரம் வடித்தெடுக்க. பின்னர் அகன்ற வாயுள்ள மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்து, ஒன்றை வெறுமையாக விடுக. ஒன்றில் இரண்டு கைப்பிடி ஈரமான தோட்ட மண்ணை இடுக. மற்றொன்றில் அதே அளவு மண்ணுடன் நறுக்கிய பச்சைக் குழையைக் கலந்து இடுக. மூன்றினுள்ளும் ஒவ்வொரு சிறு கிண்ணத்தில் அத்தெளிந்த நீரை வைத்து இறுக மூடிவிடுக.

மறுநாட் காலையிற் பார்த்தால், வெறும் போத்தலிலுள்ள நீர் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். மண் உள்ள போத்தலில் நீரின்மேல் வெள்ளை ஆடை படிந்திருக்கும். குழை கலந்த போத்தலில் அவ்வாடை எல்லாவற்றினும் தடித்திருக்கும். மண் விட்ட காபனீரொட்சைட்டு சுண்ணாம்புடன் கூடியதனால் உண்டான மாற்றம் இதுவாகும். சுண்ணாம்பு நீர் கண்ணிலும் வாயிலும் படாதபடி பிள்ளைகளைக் காத்துக்கொள்க.

வேருக்கு நேரும் தீங்கு

மழை விட்டு வெயில் எறிக்கும்போது, வெள்ளம் நிற்கும் மிளகாய்த் தோட்டம் வாடி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீரில் நிற்கும் பயிர் நீரின்றி வாடுவது முரணாகத் தோன்றும். ஆனால் நீர் அருகில் இருப்பது வேறு; அதனை வேர் உட்கொள்ளுவது வேறு. நீரையும் உணவுச் சத்துக்களையும் உட்கொள்ளுவதற்கு வேருக்குச் சத்தி வேண்டும். சத்திக்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகும்போது, வேரின் உயிரணுக்களிலுள்ள சாறு புளிப்படைகின்றது. நீர் புகும் நுண்ணிய வாயில்கள் அடைபடுகின்றன. இலை நீரை இழந்துகொண்டிருக்க, வேர் கொடுக்க முடியாமற்போகப் பயிர் வாடுகின்றது.

இந்நிலை நீடித்தால் வேர்நுனி வளர்வது நிற்கும், வேர்மயிர்கள் குன்றும், நைதரசன், பொற்றாசியம் முதலிய சத்துக்கள் மண்ணில் இருந்தும் பயிரை அடையா. நலிந்த வேரை அழுகல் நோய்களை உண்டாக்கும் பங்கசுகள் எளிதிற் பற்றும். மிளகாய், தக்காளி, வெங்காயம் ஆகியவை இத்தீங்கை விரைவிற் காட்டும் பயிர்களாம்.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒட்சிசன் போதியளவு இருக்குமாயின், காபனீரொட்சைட்டுச் சிறிது மிகுவதனாற் பெரும்பாலான பயிர்களுக்குப் பெருந்தீங்கு வருவதில்லை. ஆனால் வயலிலும் தோட்டத்திலும் ஒன்றின் மிகுதியும் மற்றதன் குறைவும் இணைந்தே வருகின்றன. ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றதற்கும் பரிகாரமாகும்.

நீர் நிற்கும் நெல்வயல்

அப்படியாயின், நீரிலே நிற்கும் நெல் எவ்வாறு வாழுகின்றது என்று கேட்பீர்கள். நெற்பயிரின் இலையிலிருந்து வேர்வரைக்கும் காற்றுச் செல்லும் குழல்கள் உள்ளன. அவற்றின் வழியே ஒட்சிசன் இறங்கி வேரை அடைகின்றது. அதிற் சிறிது வேரின் வெளியேயும் கசிந்து, அங்குள்ள இரும்பைத் துருவாக்கி வேரின்மேற் படியச் செய்கின்றது. நலமுள்ள பயிரின் பழைய வேர்கள் செங்கபில நிறமாய் இருப்பது இதனாலேயாம். ஆயினும் இவ்வாற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. புதிதாக நட்ட நாற்று, வேர் அறுந்து, இலை குறைந்து நிற்பதனால், அக்குழல் வழியைப் போதியளவு பயன்படுத்த முடியாத நிலையில் இருக்கின்றது. அந்நாட்களிலேயே மண்ணில் வாயு மிகுந்திருக்குமானால் அது தாங்காது.

இதனை விரிவாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் இலங்கையரான கலாநிதி பீலிக்சு பொன்னம்பெரும ஆவர். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மண் இரசாயன அறிஞராகப் பணியாற்றிய இவர், நீரில் அமிழ்ந்த மண்ணின் இரசாயனம் பற்றி 1972இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறைக்கு அடிப்படையாக உள்ளது. மண்ணை நீரில் அமிழ்த்தியபின் காபனீரொட்சைட்டு விரைவாகப் பெருகி, ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் உச்சநிலையை அடைந்து, பின்னர் தணியும் என்பது அவர் காட்டியது. உச்சநிலையில் அவ்வாயுவின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஐந்திலொரு பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை இருக்கலாம். சேதனப் பொருள் மிகுந்த மண்ணிலும், புளிப்பு மண்ணிலும் அது அதிகமாகும். குளிர்ந்த மண்ணில் நெடுநாள் தங்கும்.

மேற்கூறிய இரு சகோதரரின் வயல்களை இவ்வுண்மையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மூத்தவர் வாயு ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் நாற்றை நட்டார். இளையவர், தாம் அறியாமலே, அது தணியத் தொடங்கியபின் நட்டார். ஆள் கிடையாமை அவருக்கு நன்மையாயிற்று.

குழை உக்கும்போது காபனீரொட்சைட்டு மாத்திரம் உண்டாவதில்லை. வேரைத் தாக்கும் சேதன அமிலங்களும், கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டும், மெதேன் என்னும் வாயுவும் உண்டாகின்றன. இவற்றுள்ளும் அமிலங்கள் முதற் கிழமைகளிலேயே மிகுவன. எனவே பொறுத்திருத்தல் இவற்றுக்கும் பொருந்தும்.

இவ்வாயுவால் நன்மையும் உண்டு

காபனீரொட்சைட்டு முழுவதும் பகையென்று கருதலாகாது. அது நீரிற் கரைந்து மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் மண்ணில் இறுகிக் கிடக்கும் பொசுபரசு, கல்சியம் முதலியவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கின்றது. நீர் கட்டிய வயலில் மண்ணின் மிகையான புளிப்பும் மிகையான காரமும் தணிந்து நடுநிலையை அணுகுவதற்கும் அது துணைபுரிகின்றது. மண்ணிலிருந்து மேலெழும் பங்கை இலைகள் மீண்டும் உணவாக்கிக் கொள்ளுகின்றன.

இதன் ஆற்றலை யாழ்ப்பாணத்தவர் நாள்தோறும் கேத்தலிற் காணுகின்றனர். செம்மண்ணினூடாக இறங்கும் மழைநீர், மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று, அடியிலுள்ள சுண்ணக்கல்லைக் கரைத்துக் கிணற்றை அடைகின்றது. அந்நீரைக் காய்ச்சும்போது வாயு பிரிந்துபோக, கரைந்த சுண்ணம் வெண்படிவாகக் கேத்தலின் அடியிற் படிகின்றது. கல்லையும் கரைக்கவல்ல வாயு மென்மையான வேரின் அருகே அடைபட்டுக் கிடந்தால் என்ன செய்யுமென்பதை எண்ணிக் கொள்ளலாம்.

ஆகவே நாம் செய்யவேண்டியது இவ்வாயுவை ஒழிப்பதன்று. அது உண்டாவது வளத்தின் அடையாளம். அதற்கு வெளியேற வழியும், தணிவதற்குக் காலமும் கொடுப்பதே நம் கடமை.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. நெல்வயலிற் பச்சைக் குழை தாழ்த்தபின் இரண்டு முதல் மூன்று கிழமை சென்றே நடுக அல்லது முளைநெல் விதைக்க. குளிர்ந்த இடங்களிலும் புளிப்பு மண்ணிலும் இதனினும் சில நாள் கூடுதலாகப் பொறுக்க. நாற்றுமேடை போடும் நாளை இதற்கேற்பக் கணக்கிட்டுக் கொண்டால் நாற்று முற்றாது.

2. வைக்கலை எரியாமல், அறுவடை முடிந்தவுடன் வயலிற் பரப்பி, முதலாம் உழவிலேயே மண்ணுட் சேர்க்க. நடுகைக்கு முன்னாட்களில் வைக்கலைப் புதைப்பது வேருக்குத் தீங்கு. அது மண்ணிலுள்ள நைதரசனையும் பயிருக்குக் கிடையாமற் சிலகாலம் பிடித்து வைக்கும்.

3. மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் வயல்களுக்கு நன்றாக உக்கிய எருவையே இடுக. அங்கே விதைப்பு நாளைப் பிந்தவிட்டு மழையை இழத்தல் தகாது.

4. பயிர் மஞ்சளிக்கும்போது பசளை இடுமுன் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்க்க. வெண்வேர் ஓடியிருந்தாற் பசளை பயன்தரும். வேர் கறுத்து, நாற்றம் வீசினால் அன்றிடும் பசளை வீண்.

5. அத்தகைய வயலில் நீரை மூன்று நான்கு நாள் வடியவிட்டு, மேற்பரப்பு மயிரிழையாக வெடித்ததும் மீண்டும் நீர் கட்டுக. நீரை வடிப்பதற்குச் சற்றுமுன் யூரியா இடலாகாது. அது நீருடன் போய்விடும். குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் வயலைக் காயவிடலாகாது. உவர் ஏறும் நிலங்களிலும், மீண்டும் நீர் கிடைக்குமென்ற உறுதியில்லாத இடங்களிலும் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது.

6. மிளகாய், தக்காளி, கத்தரி, வெங்காயம் ஆகியவற்றைக் காலபோகத்தில் உயர்ந்த பாத்திகளில் நடுக. பாத்திகளுக்கிடையே நீர் வடியும் கான்களை மழைக்கு முன்னரே வெட்டுக. வெள்ளம் வந்தபின் வெட்டுவதாற் பெரும்பயன் இல்லை.

7. தோட்டத்திற் குழையை ஆழப் புதையாமல், மேல் ஆறு அங்குல மண்ணுடன் கலந்து, மூன்று கிழமை ஈரமாக வைத்தபின் நடுக. ஆழத்திற் காற்றுக் குறைவு. அங்கே குழை உக்காமற் புளிக்கும். பாதி உக்கிய மாட்டெருவைக் கன்றின் அடியில் இடலாகாது.

8. கனமழைக்குப் பின் மண் ஓரளவு உலர்ந்ததும் மேற்பொருக்கை மெல்லக் கொத்தி உடைக்க. ஈரக் களிமண்ணிற் கொத்துவதையும் உழவு இயந்திரம் ஓட்டுவதையும் தவிர்க்க. அது துளைகளை அடைத்துவிடும்.

9. இறைப்பை நாட்கணக்குக்கு மாத்திரம் செய்யாமல், ஓர் அங்குலம் தோண்டி ஈரம் பார்த்துச் செய்க. தேவைக்கு மிஞ்சிய நீர் வேரின் காற்றைக் கவர்கின்றது.

முடிவுரை

இங்கே கூறியவற்றுட் பெரும்பாலானவை பணச்செலவு வேண்டாதவை. நாட்கணக்கும் பொறுமையும் மண்வெட்டியுமே போதும். மூத்த சகோதரர் இப்போதும் குழை தாழ்க்கின்றார். குழை தாழ்த்த நாளைத் தம் வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்து, இருபது நாள் கழியுமுன் நடுகைக்கு ஆள் சொல்லுவதில்லை. நட்ட பத்தாம் நாளில் வயலில் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்பதும் அவருடைய வழக்கமாகிவிட்டது.

நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். இலை சொல்லுவதற்குப் பல நாட்களுக்கு முன்னரே வேர் சொல்லிவிடும். ஐயமுண்டாயின், பிடுங்கிய பயிரை வேருடனும் மண்ணுடனும் எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் வாருங்கள்.